எக்ஸ்பா-1 மட்டும் வெட்ட மறுக்கிறது

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 5.4 கிலோபேஸ் (5,400 எழுத்து) பிளாஸ்மிடிலிருந்து, அதாவது பாக்டீரியாவில் வளர்க்கும் வட்ட டிஎன்ஏவிலிருந்து, 750 பேஸ் நீள மரபணுவை, டிஎன்ஏவை வெட்டும் நொதிகளான ஈகோஆர்-1, எக்ஸ்பா-1 இரண்டாலும் வெட்டி எடுக்க வேண்டும். துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு பட்டைகளுக்குப் பதில் 5.4-இல் ஒற்றைப் பட்டைதான் தெரிகிறது. ஈகோஆர்-1 தனியாக ஒழுங்காக வெட்டுகிறது. எக்ஸ்பா-1 தனியாகப் போட்டால், நொதியே சேர்க்காத குழாய்க்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ, 20 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, ஒரு மணி நேரம் என்று தொடங்கினேன். பிறகு இரவு முழுக்க விட்டேன், நொதியை இரட்டித்தேன், புது பஃபர் (நொதி வேலை செய்யும் உப்புக் கரைசல்) வாங்கினேன், டிஎன்ஏவை மறுபடி சுத்தம் செய்தேன். அதே குப்பி நொதி வேறொரு பிளாஸ்மிடை அழகாக வெட்டியது. ஆக, நொதி கெடவில்லை.

நேற்று வரிசையை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோதுதான் உறைத்தது: எக்ஸ்பா-1 வெட்டுமிடமான டிசிடிஏஜிஏ-வுக்கு அடுத்து டிசி. இரண்டும் சேருமிடத்தில் ஜிஏடிசி வந்துவிடுகிறது! பிளாஸ்மிட் வளர்ந்தது டிஎச்5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை பாக்டீரியா ரகத்தில். அதன் டேம் நொதி ஜிஏடிசி-யின் ஏ-மீது மெத்தில் என்ற சிறு வேதிப் பொட்டு வைத்துவிடும்; பொட்டு இருந்தால் எக்ஸ்பா-1 அங்கே வெட்டாது. தன் டிஎன்ஏவைத் தன் கத்தரியிடமிருந்து காக்க பாக்டீரியாக்கள் செய்யும் தந்திரமும் இதே வகைதான். (டேமின் வேலை பாதுகாப்பு அல்ல, பிழைதிருத்தத்துக்கு உதவுவது. எனக்குத்தான் வினையாயிற்று.)

டேம் இல்லாத ஈ.கோலை ரகம் எங்கள் ஆய்வகத்தில் இல்லை, வரவழைக்க நாளாகும். ஆய்வேடு அடுத்த மாதம்.

பிசிஆரில் (பாக்டீரியா இல்லாமல் குழாயிலேயே டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கிய டிஎன்ஏவில் மெத்தில் இருக்காது என்பதால், மரபணுவை அப்படியே பெருக்கி எக்ஸ்பா-1 போட்டவர்கள் யாராவது உண்டா? வெட்டுமிடத்துக்கு வெளியே முனையில் எத்தனை எழுத்து கூடுதலாக விட்டீர்கள்?