இறந்துபோன அப்பத்தாவிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கலாமா?

கேள்வி (திண்டுக்கல் வாசகி):

எங்கள் வீட்டில் மாதா சுரூபமும் அந்தோணியார் படமும் இருக்கும் இடத்தில், அப்பத்தா இறந்தபின் அவருடைய படத்தையும் வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தை ஒருபோதும் விடாதவர். பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகளைத் தம் திண்ணைக்கு வரவழைத்து, சமாதானமாகும்வரை எழவிடாதவர். இரவுச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் "அப்பத்தா, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறார்கள். திருச்சபை புனிதர் என்று அறிவிக்காத ஒருவரிடம் இப்படி வேண்டுவது முறையன்று என்று சித்தப்பா கண்டிக்கிறார். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வைத்துவிட்டு, அவரிடமே உதவி கேட்பது முரணாக இல்லையா என்றும் கேட்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மறுமொழி 1 (மறைக்கல்வி ஆசிரியர்):

உங்கள் சித்தப்பாவின் கவலைக்கு அடிப்படை உண்டு. புனிதர் அல்லது அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) என்று அறிவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பொது வணக்கம் செலுத்தலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1187ஆம் பிரிவு கூறுகிறது. ஆலயத்தில் சுரூபம் நிறுவுவதும், ஒருவர் பெயரால் கொடியேற்றித் தேர் இழுப்பதும் அதில் அடங்கும். வீட்டுக்குள் தனிப்பட்ட முறையில் வேண்டுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. படத்துக்கு ஒளிவட்டம் வரையாதீர்கள், "புனித" என்ற அடைமொழியும் சேர்க்காதீர்கள், அது போதும்.

மறுமொழி 2 (குமரி மாவட்ட வாசகர்):

சட்டத்தைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அறிவிக்கப்படாதவர்களிடம் மக்கள் வேண்டியிராவிட்டால், அறிவிக்கப்பட்ட புனிதர்களில் பலர் நமக்குக் கிடைத்தே இருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தேவசகாயத்தையே பாருங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், குருவோ துறவியோ அல்லர், மனைவியோடு வாழ்ந்த குடும்பத்தலைவர். அருளாளர் பட்டம் 2012இலும் புனிதர் பட்டம் 2022 மே 15 அன்றும்தான் வழங்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில், கோட்டாறு சவேரியார் ஆலயத்திலுள்ள அவர் கல்லறையில் மக்கள் வேண்டுவதை நிறுத்தவில்லை. காற்றாடிமலையில் கல்லால் தட்டினால் மணியோசை எழுப்பும் பாறையை, மணியடிச்சான் பாறை என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்களும் அவர்களே. ஒருவரை அருளாளராக்கும் முன், மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்து இறந்தவர் என்றால் தவிர, அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்த புதுமை (அற்புதம்) ஒன்றைத் திருச்சபை பொதுவாக எதிர்பார்க்கிறது. பட்டம் இல்லாதவரிடம் யாராவது நம்பிக்கையோடு கேட்டிருந்தால்தானே அந்தப் புதுமையே நடக்கும்?

மறுமொழி 3 (மதுரை வாசகி):

முரண் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்" என்று விசுவாச அறிக்கையில் ஞாயிறுதோறும் சொல்கிறோம். மண்ணில் இருப்பவர்கள், உத்தரிக்கிற நிலையில் (விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் நிலையில்) இருப்பவர்கள், விண்ணகத்தில் இருப்பவர்கள் ஆகிய மூவரும் அந்த ஒரே உறவுக்குள் இருக்கிறார்கள். இறந்தோருக்காக நாம் செய்யும் செபம் அவர்களுக்கு உதவுவதோடு, நமக்காக அவர்கள் பரிந்து பேசுவதையும் பயனுள்ளதாக்குகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 958ஆம் எண்ணில் தெளிவாகக் கற்பிக்கிறது. ஆகவே பூசையையும் நிறுத்தாதீர்கள், பிள்ளைகளையும் தடுக்காதீர்கள். என் கவலை வேறு. அன்பின் மிகுதியால் "அப்பத்தா மோட்சத்தில்தான் இருக்கிறார்" என்று நாமே தீர்ப்பெழுதிவிட்டு, அவருக்காக வேண்டுவதை விட்டுவிடும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அவர் இன்னும் உத்தரிக்கிற நிலையில் இருந்தால், நம் செபம் அவருக்குத் தேவைப்படும் காலத்தில் அவரைக் கைவிட்டவர்கள் ஆவோம். நவம்பர் 1 அன்று அனைத்துப் புனிதர் பெருவிழாவில் அவரை நினைத்து மகிழுங்கள். மறுநாள் கல்லறைத் திருநாளில் அவர் பெயரை எழுதிக் கொடுத்துப் பூசை வையுங்கள். சித்தப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.