60 நாள் தாண்டிவிட்டது, ஊரடங்கைச் சொல்லி அண்ணனை உள்ளேயே வைக்கலாமா?

கடையம்காரன் (22 மே 2020)
அண்ணனை மார்ச் 14 அன்று இ.பி.கோ 457, 380 பிரிவுகளில் (இரவில் வீடு புகுந்து திருடியதாக) ரிமாண்ட் செய்து பாளையங்கோட்டை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். இன்றோடு 69 நாள். குற்றப்பத்திரிகை வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால், கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட்டே எல்லாக் கெடுவையும் நீட்டிவிட்டது, 60 நாள் கணக்கு இப்போது செல்லாது என்கிறார்கள். ஜெயிலுக்குப் போய் அண்ணனைப் பார்க்கவும் விடுவதில்லை. அம்மா பீடி சுற்றுபவர், ஊரடங்கில் இலையும் தூளும் வராமல் அந்தக் கூலியும் நின்றுபோனது. அண்ணன் திருடினானா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். கெடு முடிந்தும் உள்ளே வைக்கலாமா?

பாளை வக்கீல் (22 மே)
வைக்கக் கூடாது தம்பி. மார்ச் 23 அன்று சுப்ரீம் கோர்ட் நீட்டியது வழக்கு, மனு, அப்பீல் போடுவதற்கான காலக்கெடுவை. கோர்ட்டுக்கு வர முடியாதவர் உரிமை இழக்கக் கூடாது என்பதற்காக வந்த உத்தரவு அது. சி.ஆர்.பி.சி, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், 167(2) வேறு. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கேட்பவரை விட்டாக வேண்டும் என்பது அது. 60 நாள் கழித்தும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆளை அதுவரை அடைத்துவைக்க முடியாது, அவ்வளவுதான். 90 நாள் கணக்கு மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றங்களுக்கு. உங்கள் பிரிவுகளில் அது வராது.

சிக்கல் என்னவென்றால், ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மே 8 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதையே சொன்னார். மே 11 அன்று அதே கிளையில் இன்னொரு நீதிபதி, கெடு நீண்டுவிட்டது என்று மாற்றிச் சொல்லிவிட்டார். போலீஸ் இரண்டாவதைத்தான் காட்டும்.

அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஜாமீன் கொடுக்கத் தயார் என்று எழுதி இன்றே மனு போடுங்கள். அதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு நான் ஒரு நாள் பிந்தினேன், அவர் மேலும் நான்கு மாதம் உள்ளே இருந்தார். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

பழைய குமாஸ்தா (23 மே)
ஜாமீன்தாரர் இரண்டு பேரை இப்போதே பிடித்துவையுங்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் தயாராக இருக்கட்டும். தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டதால் பாளைக்கு வர இ-பாஸ் வேண்டும். உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் வராமல் ஆள் உள்ளேயே கிடந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடையம்காரன் (3 ஜூன்)
மனு தள்ளுபடி. மே 11 தீர்ப்பைத்தான் காட்டினார்கள்.

பாளை வக்கீல் (19 ஜூன்)
தம்பி, இன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது! மதுரை சமயநல்லூர் ஸ்டேஷன் வழக்கு, காசி என்பவர் போட்டது. நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு மே 11 தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மார்ச் 23 உத்தரவும் சரி, ஊரடங்கும் சரி, 167(2) உரிமையைக் குறைக்காது. ஊரடங்கை எமர்ஜென்சி மாதிரி பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது கண் கலங்கிவிட்டது. குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை என்றால், தீர்ப்பு நகலை இணைத்து நாளைக்கே புது மனு போடுங்கள்.

கடையம்காரன் (25 ஜூன்)
அண்ணாச்சி, நேற்று சாயங்காலம் அண்ணன் வெளியே வந்துவிட்டான். ரொம்ப மெலிந்திருக்கிறான். குமாஸ்தா ஐயா சொன்னபடி ஜாமீன்தாரர்களைத் தயாராக வைத்திருந்ததால் ஒரு நாள்கூட வீணாகவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் ஊரிலேயே இருப்பதால் பாஸ் தேவைப்படாது.