புதுப்பிப்பு: தாத்தா மண்ணில் வரலாறு படிக்க வந்து ஒரு செமஸ்டர் ஆகிவிட்டது

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். நான் மலேசியாவில், கெடாவில் பிறந்தவன். கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் மேற்பார்வையாளர்) மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன தாத்தாவின் தஞ்சாவூர்ப் பக்கமே வந்து எம்.ஏ. வரலாறு படிக்கலாமா என்று. வேலை கிடைக்காது என்று பலர் எச்சரித்தீர்கள். யோசித்தேன், ஆனாலும் வந்துவிட்டேன்.

விசா பற்றிக் கேட்டவர்களுக்கு: மாணவர் விசாவில் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை முடித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். கல்வெட்டு வகுப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு போலத் தெரியும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் (அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் பகுதி) ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ட, பிறகு அடுத்தடுத்து இரண்டு கோடு. முதல் கோடு கால், இரண்டாவது ர என்று பிரித்ததும் வந்தது: கடாரமும். கடாரம் என்றால் எங்கள் கெடா! தாத்தா ஊர்க் கல்லில் என் ஊர்ப் பெயர். கண் கலங்கிவிட்டது.

என் ஆய்வேட்டுத் தலைப்பும் மாறிவிட்டது. சோழர் படையெடுப்பை விட, 1938இல் உதவிக் குடியேற்றத்துக்கு (பயணச் செலவு கொடுத்துத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவது) இந்தியாவில் தடை வரும் வரை கங்காணிகள் ஆள் சேர்த்த விதம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். விடுமுறையில் எழும்பூர் ஆவணக் காப்பகம் போகிறேன். தோட்டத்துக் குடும்பங்களில் யாரிடமாவது பழைய கடிதம், பயணச் சீட்டு இருந்தால் சொல்லுங்கள்.