டாங்க்ஹோல்ட்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாடநூலில் மரவாயு பற்றிய அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது ஐரோப்பாவில் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் விறகில் ஓடின. போர் முடியும்போது ஜெர்மனியில் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள். சுவீடனில் 70 ஆயிரத்துக்கும் மேல். வண்டியோடு ஓர் இரும்புக் கலன் இருக்கும். அதில் விறகைப் போட்டுக் காற்றை அளவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும், அதுதான் மரவாயு. அதைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்கு விடுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விறகு.

ஆனால் கையில் கிடைத்த விறகெல்லாம் ஆகாது. கைக்கு அடங்கும் துண்டாக அறுத்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைக்க வேண்டும். இதற்கு ஜெர்மானியர் டாங்க்ஹோல்ட்ஸ் என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். டாங்க் தொட்டி, ஹோல்ட்ஸ் மரம். 'தொட்டி விறகு' என்று எழுதிவிடலாமா?

சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தொட்டி விறகு வேண்டாம் தம்பி. சென்னையில் விறகுத் தொட்டி என்றால் விறகு விற்கும் கடை. என் வயதுக்காரர்கள் கடையில் வாங்கிய விறகு என்றுதான் படிப்பார்கள். 'உலர்விறகு' என்று போடுங்கள். ஊறுகாய் போல வினைத்தொகை, சொல்லவும் எளிது.

இன்னொன்று. மரவாயு எதற்கு? வாயு வடசொல். 'மரவளி' என்று எழுதலாமே. வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தாரையும் 'கீல்' என்று சொல்லலாம், நம் பழைய சொல்தான்.

திருச்சி, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

ஐயா, மரவளியை ஒரு பருவம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். விடைத்தாளில் பாதிப்பேர் 'மரவள்ளி' என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். வாயு இருக்கட்டும்.

மதுரை, இலக்கணம் கற்பிப்பவர்:

உலர்விறகு எனக்கு உறுத்துகிறது. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொது. உலர்ந்த விறகு, உலர்கின்ற விறகு, உலரும் விறகு மூன்றும் உலர்விறகுதான். இங்கே சிக்கலே அந்தக் காலத்தில்தானே இருக்கிறது? காய்ந்து முடிந்ததையும் காய்ந்துகொண்டிருப்பதையும் பிரித்துக் காட்டத்தான் தனிச்சொல் கேட்கிறார்கள். காலம் காட்டாத தொகையைக் கொண்டுபோய் அங்கே வைக்கலாமா?

கோவை, பட்டறை நடத்துபவர்:

அக்கா சொல்வது வேலைக்காரனுக்கும் பொருந்தும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியில் 2003-ல் குடிநீர் இறைக்க 9 கிலோவாட் மரவாயுக் கலன் வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். பிறகு ஒரு ஆலையில் இதே போன்ற கலனை ஓட்டினேன். ஒரு ஐப்பசியில், 'காய்ந்துகொண்டுதானே இருக்கிறது' என்று பாதி காய்ந்த வேலிக்காத்தான் கட்டையை அள்ளிப் போட்டோம். அன்று ஓடியது. ராத்திரி நிறுத்தினோம். காலையில் எஞ்சின் சுற்றவே இல்லை. கழற்றிப் பார்த்தால் வால்வுத் தண்டில் தார் வெல்லப்பாகு மாதிரி படிந்து, ஆறி, இறுகிக் கிடந்தது. விறகில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடுகிறது. நெருப்புப் பகுதியின் வெப்பம் இறங்கினால் தார் சிதையாமல் வாயுவோடு கூடவே வந்துவிடும்.

தஞ்சாவூர், சொற்பிறப்பு ஆர்வலர்:

அடைமொழியே தேவையில்லை என்பேன். விறைத்தல் என்னும் வினையைப் பாருங்கள். ஈரம் போய் விறைத்தது விறகு என்பது என் ஊகம். ஆக, விறகு என்றாலே காய்ந்ததுதான். சுள்ளியும் அப்படியே: சுள்ளென்று காய்ந்தது சுள்ளி. சுவீடன்காரர்கள் விறகை 'வேட்' என்கிறார்கள் என்று படித்தேன். நம் 'வேது' நினைவுக்கு வரவில்லையா? வேது பிடிக்கிறோமே, அந்தச் சூடு?

மதுரை, இலக்கணம் கற்பிப்பவர்:

சுவீடன் வேட் ஆங்கிலத்தின் உட் என்ற சொல்லுக்கு உறவு. மரம் என்பதுதான் பொருள், சூட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. விறகு விறைப்பிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 'பச்சை விறகு', 'ஈர விறகு' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். வேரில் இருந்த பொருள் வழக்கில் நிற்கவில்லை.

திருநெல்வேலி, இல்லத்தரசி, அறிவியல் கட்டுரைகள் எழுதுபவர்:

நான் ஒன்று சொல்கிறேன், உடனே தள்ளிவிடாதீர்கள். 'வற்றல்'.

கத்தரிக்காயை முழுதாக யாரும் வெயிலில் போடுவதில்லை. அரிந்து, பரப்பி, காலையும் மாலையும் புரட்டி, கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அது வற்றல். அதுவரை வெறும் அரிந்த காய். டாங்க்ஹோல்ட்ஸும் இதேதான். மரத்தில் நீர் நெடுக்குவாக்கில் ஓடுகிறது. வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், பக்கவாட்டில் மெதுவாகத்தான் போகும். குட்டையாக அறுத்தால் சீக்கிரம் காய்வது அதனால்தான். அறுப்பதும் காய்வதும், காய்ந்து முடிந்ததும், எல்லாம் ஒரே சொல்லில் வருகிறது. 'வற்றல் விறகு' என்று வையுங்கள். 'வற்றல் மரம்' என்று குறளிலேயே உண்டு.

சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, குறளின் வற்றல் மரம் வன்பாலில், அதாவது வறண்ட நிலத்தில், நின்றபடியே பட்டுப்போன மரம். அறுத்ததும் அல்ல, அடுக்கியதும் அல்ல. அதைச் சான்றாக எடுக்க முடியாது. சமையலறைச் சொல்லைப் பொறியியல் நூலில் பார்த்தால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

திருச்சி, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள் ஐயா. எனக்கு வேறு கவலை. 20 சதவீதம் என்பது எந்தக் கணக்கில்? போன வாரம் வகுப்பில் ஒரு கிலோ பச்சைக் கட்டையைத் துண்டாக்கி, 103 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்தோம். அரைக் கிலோ மிஞ்சியது. போன தண்ணீர் அரைக் கிலோ. தொடக்க எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 50 சதவீதம். காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் 100. 'நூற்றுக்கு நூறு ஈரம் என்றால் அது தண்ணீர்தானே சார்?' என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு கணக்குக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை.

மதுரை, இலக்கணம் கற்பிப்பவர்:

அது எளிது. அப்போது இருக்கும் எடையை வைத்துப் பார்த்தால் 'இருப்பெடைக் கணக்கு', முற்றும் காய்ந்த எடையை வைத்துப் பார்த்தால் 'உலரெடைக் கணக்கு'. இருப்பெடையில் 20 என்றால் உலரெடையில் 25.

மொழிபெயர்ப்பாளர்:

இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அம்மா, யாருக்கும் மறுப்பு இல்லை போல. இனித் தலைச்சொல் ஒன்றுதான் பாக்கி. 'எஞ்சின் விறகு' என்று வைத்தால்?

தஞ்சாவூர், சொற்பிறப்பு ஆர்வலர்:

எஞ்சின் வேண்டாம். பொறிவிறகு. பொறி இயந்திரமும் ஆகும், தீப்பொறியும் ஆகும். இரண்டு பொருளும் இங்கே கூடி நிற்கின்றன.

கோவை, பட்டறை நடத்துபவர்:

பொறிவிறகு என்றால் அடுப்புப் பற்றவைக்கும் சிராய் என்று எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் ஐயா. இரண்டு பொருள் இருப்பதுதான் ஆபத்து.

மொழிபெயர்ப்பாளர்:

காலையில் அனுப்பியே ஆக வேண்டும். இங்கே எதுவும் எழுதாமல் வாக்கு மட்டும் போட்டவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் உலர்விறகுக்கு ஐந்து பேர், வற்றல் விறகுக்கு மூன்று பேர், எஞ்சின் விறகுக்கு ஒருவர், பொறிவிறகுக்கு ஒருவர். நூலில் 'உலர்விறகுத் துண்டு' என்று போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் 'அறுத்து, இருப்பெடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்தது' என்று விளக்கம் சேர்த்துவிட்டேன். மதுரை அம்மாவின் காலக் கேள்விக்கு இதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மதுரை, இலக்கணம் கற்பிப்பவர்:

விளக்கம் இருப்பதால் ஒத்துக்கொள்கிறேன். சொல்லை ஒத்துக்கொள்ளவில்லை.

கோவை, பட்டறை நடத்துபவர்:

நூலில் எது வந்தாலும் சரி. எங்கள் கொட்டகையில் இரண்டு வரிசை மூட்டை உண்டு. பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், தூக்கினால்தான் கனம் தெரியும். இன்று சுண்ணக்கட்டியால் ஒரு வரிசையில் 'பச்சை' என்றும், மற்றதில் 'வற்றல் கட்டை' என்றும் எழுதிவிட்டேன். சாயங்காலம் புதுப் பையன் யாரையும் கேட்காமல் சரியான மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்லது தம்பி. ஆனால் கட்டை என்று எழுதுவதானால் 'வற்றற்கட்டை' என்று சேர்த்து எழுதுங்கள், லகரம் றகரமாகத் திரியும். என் வாக்கு இன்னமும் உலர்விறகுக்குத்தான்.