லெகசிக்குத் தமிழ்: ‘மரபு’ பொருந்தாது, ‘புகழெச்சம்’ வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் விளையாட்டுச் சொற்பட்டியலில் ‘லெகசி’ (legacy) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக மரபு, பாரம்பரியம், மரபுரிமை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) குத்துச்சண்டையை வைத்துச் சொல்கிறேன். இந்தச் சொல் ஓயாமல் புழங்கும் இடம் அது. ஒரு சாம்பியன் ஓய்வை அறிவித்த மறுநாளே அவருடைய லெகசி என்ன என்ற வாதம் தொடங்கிவிடும். நாற்பது ஆண்டு ஆனாலும் முடியாது.

மரபும் பாரம்பரியமும் முன்னோரிடமிருந்து நமக்கு வருபவை, பலர் சேர்ந்து காப்பவை. மரபுரிமையைத் தொல்லியல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘முகமது அலியின் மரபு’ என்று தலைப்பு வைத்தால், அவர் எந்த வழியில் வந்தவர் என்று சொல்லப்போகிறோம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நமக்கு வேண்டியது வேறு. ஒரு தனி மனிதர் ஆடி முடித்துப் போனபின் அவர் பெயரில் மிஞ்சி நிற்கும் மதிப்பு. அதைச் சொல்ல ‘புகழெச்சம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழும் மறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> வென்ற போட்டிகளின் கணக்கே போதுமே, ‘சாதனை’ என்று வைத்துவிடலாம்.

போதாது. ராக்கி மார்சியானோ 1956-இல் 49 போட்டி, 49 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்கோடு ஓய்வு பெற்றார். அந்தக் கணக்கை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அவரை எங்கே வைப்பது என்பதில் இன்றும் சண்டை. 1951-இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போது வயது 37. 1952-இல் அவர் பட்டத்தைப் பறித்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அவரிடம் தோற்ற இன்னொருவரான எஸார்ட் சார்ல்ஸின் சிறந்த நாட்கள் அதற்கு முன் குறைந்த எடைப் பிரிவில் கழிந்துவிட்டன. ஆகவே கணக்கு அப்படியே இருக்க, அதன் எடை மட்டும் கேட்பவரைப் பொறுத்து மாறுகிறது. அந்த எடையைத்தான் லெகசி என்கிறார்கள். ‘சாதனை’ என்று வைத்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் லாரி ஹோம்ஸ். என்னைக் கேட்டால் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1978 முதல் 1985 வரை சாம்பியன், 20 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். ஆனால் அவர் வந்த நேரம் சரியில்லை. அலிக்குப் பின் வந்தார். 1980-இல் 38 வயது அலியை அடித்து நிறுத்தியதும் அவர்தான். அந்த வெற்றி அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை, ஒரு வருத்தத்தைத்தான் சேர்த்தது. ஆடிய காலத்தில் ரசிகர்களின் அன்பு அவருக்குப் பெரிதாகக் கிடைக்கவில்லை. 1985-இல் மார்சியானோவின் 49-ஐத் தொடப்போன போட்டியில் மைக்கேல் ஸ்பிங்ஸிடம் புள்ளிகளில் தோற்றார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1979-இல் ஹோம்ஸிடம் தோற்ற மைக் வீவர் மறு ஆண்டே டபிள்யூபிஏ என்ற அமைப்பின் சாம்பியன் ஆனார். 1983-இல் ஹோம்ஸுக்கு மிக நெருக்கமாக வந்து தோற்ற டிம் விதர்ஸ்பூன் 1984-இல் டபிள்யூபிசி என்ற இன்னோர் அமைப்பின் பட்டம் வென்றார். 1981-இல் தோற்ற டிரெவர் பெர்பிக், 1984-இல் தோற்ற ‘போன்கிரஷர்’ ஸ்மித், இருவரும் 1986-இல் ஆளுக்கொரு பட்டம் வைத்திருந்தார்கள். ஹோம்ஸ் அவர்களை அடித்தபோது “யாரோ ஒருவரை அடித்தார்” என்று எழுதியவர்கள், பின்னாளில் “நான்கு வருங்காலச் சாம்பியன்களை அடித்தவர்” என்று எழுத வேண்டியதாயிற்று. ஹோம்ஸ் ஒரு குத்துகூடக் கூடுதலாக விடவில்லை. மற்றவர்கள் செய்ததால் அவருடைய பழைய வெற்றிகளின் மதிப்பு ஏறியது. ஆடும்போது கிடைக்கும் புகழ் வேறு, ஆட்டம் ஓய்ந்தபின் தேறி நிற்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ‘புகழ்’ என்ற வெறும் சொல்லை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்.

மைக் டைசனிடம் இது தலைகீழாக நடந்தது. 1986-இல் 20 வயதில் பட்டம், ஹெவிவெயிட்டில் அவரைவிட இளையவர் யாரும் வென்றதில்லை. 1988-இல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த புகழ் வேறு எந்த வீரருக்கும் இல்லை. ஆனால் 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார்; அவரோடு மறுபோட்டி நடக்கவே இல்லை. பின்னர் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் இருமுறை, 2002-இல் லெனாக்ஸ் லூயிஸிடம் ஒருமுறை தோற்றார். பெரிய தோல்வி எதையும் திருப்பி அடிக்கவில்லை என்பதே அவர்மீது வைக்கப்படும் முதல் குறை. லெனாக்ஸ் லூயிஸும் இருமுறை நாக் அவுட் ஆனவர்தான், ஆலிவர் மெக்கால், ஹசீம் ரஹ்மான் இருவரிடமும். இருவரையும் மறுபோட்டியில் வென்றார். தோல்வியின் எண்ணிக்கையைவிட, தோற்றபின் என்ன செய்தார் என்பது எடை கூடியதாக நிற்கிறது.

நடக்காத போட்டிகளும் இந்தக் கணக்கில் சேரும். லூயிஸும் ரிடிக் போவும் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள், லூயிஸ் தங்கம் வென்றார். தொழில்முறையில் அந்த இருவரும் மோதவே இல்லை. 1992-இல் சாம்பியனாக இருந்த போ, லூயிஸைச் சந்திப்பதற்குப் பதில் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த முடிவால், மோதித் தோற்காமலே போவின் மதிப்புக்கு ஏற்பட்ட இழப்பு பெரிது. சாம்பியன்களாக இருந்த விட்டாலி, விளாடிமிர் கிளிச்கோ சகோதரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத மாட்டோம் என்றார்கள், அது வேறு வகை, யாரும் குறைசொல்லவும் முடியாது. ஆனாலும் அவர்களில் யார் பெரியவர் என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

தோல்வியால் மதிப்பு ஏறியவரும் உண்டு. விளாடிமிர் கிளிச்கோ ஒன்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து சாம்பியனாக இருந்தபோது, அவர் ஆட்டம் சலிப்பூட்டுகிறது, எட்ட நின்று இடக்கையால் குத்திவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார் என்றே பேச்சு. 2017-இல் 41 வயதில் வெம்ப்ளியில் ஆண்டனி ஜோஷுவாவோடு மோதினார். ஆறாவது சுற்றில் ஜோஷுவாவைத் தரையில் சாய்த்தார், பதினொன்றாவது சுற்றில் தோற்றார். பத்தாண்டு வெற்றிகள் தராத மரியாதையை அந்த ஒரு தோல்வி தந்தது என்று நான் நம்புகிறேன். அதன்பின் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> எச்சம் என்றால் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். செய்தித்தாளில் போட முடியுமா?

தனியாகப் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ‘அலியின் எச்சம்’ என்று எழுதினால் அவரை அவமதித்ததாகிவிடும். அதனால்தான் கூட்டுச்சொல்லாக வைக்கச் சொல்கிறேன். 238-ஆம் குறளில் ‘இசையென்னும் எச்சம்’ என்று வருகிறது. இசை அங்கே புகழ். ஒருவர் போனபின் எஞ்சி நிற்பது புகழே என்ற இந்தக் கருத்தைத் தமிழ் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது, நாம் புதிதாக எதையும் ஒட்டவைக்கவில்லை. புகழெச்சம் என்று சேர்த்துச் சொன்னதும் பறவை விலகிவிடுகிறது. பெயரெச்சம், வினையெச்சம் பள்ளியில் படித்த யாருக்கும் இந்த அமைப்பு காதுக்குப் பழகியதும்கூட.

> புகழ் என்றாலே நல்லது. கெட்ட பெயரோடு போனவர்களுக்கு?

இந்த எதிர்ப்பைத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஜாக் ஜான்சனை எடுத்துக்கொள்வோம். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1913-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அவரைக் குற்றவாளி என்றது. அன்றைய அமெரிக்காவில் அவர் பெயர் பலருக்கு வசை. 2018-இல், அவர் இறந்து எழுபது ஆண்டுக்குப் பின், அதிபரின் மன்னிப்பு வந்தது. அந்த வழக்கே நிறவெறியால் போடப்பட்டது என்பது இன்று பொதுக்கருத்து. அதே நேரம், சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்டு போன்ற வலிமையான கறுப்பின வீரருக்கு அவர் பட்டப் போட்டி தரவில்லை என்ற குறையும் கூடவே நிற்கிறது. இவ்வளவையும் ஒரே சொல் தாங்குமா என்றால், தாங்கும் என்றே நினைக்கிறேன். புகழெச்சம் ஓர் அளவு. அது வளரலாம், தேயலாம், ஒருவருக்கு மிகச் சிறிதாகவும் இருக்கலாம். ‘மதிப்பு’ என்ற சொல்லுக்குள் உயர்ந்த மதிப்பும் தாழ்ந்த மதிப்பும் அடங்குவதைப் போலத்தான்.

குத்துச்சண்டை வளையத்துக்கு (ரிங்) வெளியே நடந்ததையும் இச்சொல் ஏற்கும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டு அவரால் ஆட முடியவில்லை, ஒரு வீரருக்கு அவை பொன்னான ஆண்டுகள். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை ரத்து செய்தது. ஆடாத அந்த ஆண்டுகளைச் ‘சாதனை’யில் எப்படி எழுதுவது? புகழெச்சத்தில் அவைதான் முன்வரிசை.

பட்டியலுக்கான விளக்கக் குறிப்பை இப்படி எழுதலாம்:

புகழெச்சம்: ஒரு வீரர் ஆட்டத்திலிருந்து விலகியபின், அவர் யாரை எப்போது வென்றார், யாரைச் சந்திக்காமல் விட்டார், தோல்விக்குப் பின் எப்படி மீண்டார், களத்துக்கு வெளியே எப்படி நடந்துகொண்டார் என்பவற்றை வைத்துப் பிறர் அவருக்குத் தரும் மதிப்பு. காலப்போக்கில் மாறக்கூடியது.

சொற்றொடர்களில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை. “ஹோம்ஸின் புகழெச்சம் ஓய்வுக்குப் பின் உயர்ந்தது.” “இந்த மறுவரவு அவருடைய புகழெச்சத்தைக் கெடுக்குமா?” “லூயிஸை எதிர்கொள்ளாதது போவின் புகழெச்சத்தில் ஒரு கறை.” பேச்சுவழக்கில் வர்ணனையாளர் சொல்லும்போது சற்று நீளம்தான், ஆனால் ‘பாரம்பரியம்’ அதைவிட நீளம்.

‘லீனியல் சாம்பியன்’ (lineal champion) என்பதற்கு ஒரு நண்பர் ‘மரபுச் சாம்பியன்’ என்று கேட்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. முந்தைய சாம்பியனை வளையத்தில் வென்றவரே அடுத்த சாம்பியன் என்று வழிவழியாக வருவதால் மரபு அங்கே சரியாக உட்காருகிறது. லெகசிக்கு மரபை வைத்தால் இதற்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, கிரிக்கெட், கால்பந்து எழுதுகிறவர்கள் உங்கள் சொற்றொடர்களில் போட்டுப் பார்த்துச் சொன்னால் நல்லது. குழு விளையாட்டில் இது எங்கே இடறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.