ஏற்காட்டுல இருந்து பழைய மாஸி 35-ஐ பிக்கப்புல டிரெய்லர் கட்டி இறக்கலாமா?

காபித்தோட்டம்: வணக்கம்ங்க. ஏற்காட்டுல பெரியப்பா தோட்டத்து ஷெட்ல ஒரு மாஸி பெர்குசன் 35 டிராக்டர் ரொம்ப வருசமா நிக்குது, டீசல் மூணு சிலிண்டர், இஞ்சின் ஜாம் ஆனா நியூட்ரல்ல தள்ளுனா உருளுது. அயோத்தியாப்பட்டணம் கொண்டாந்து ரெடி பண்ணனும்னு ஆசை. என்கிட்ட பொலிரோ பிக்கப் இருக்கு, ஃப்ரெண்டு கார் ஏத்துற டிரெய்லர் தர்றேங்கிறான், ரெண்டு சக்கரம், பிரேக் கிடையாது. பிக்கப் இழுக்குமா? அடிவாரம் ரோடா, குப்பனூர் ரோடா?

ஓமலூர் டிரைவர்: இழுக்குமான்னு கேக்குறீங்க, இறக்கத்துல நிக்குமான்னு கேளுங்க தம்பி. டிராக்டரே ஒன்றரை டன் கிட்ட வரும், டிரெய்லர் ஒரு அரை டன், ஆக காலி பிக்கப்ப விட பின்னாடி வர்றது கனம், அதுக்கு பிரேக்கும் இல்லன்னா ஒவ்வொரு வளைவுலயும் அது உங்கள முதுகுல பிடிச்சு தள்ளும். அடிவாரம் ரோட்டுல 20 கொண்டை ஊசி, கால பிரேக்குலயே வெச்சிருந்தா பாதி மலையிலயே லைனர் சூடாகி பெடல் பிடிக்காது. குப்பனூர் பக்கமும் மலை ரோடு தானே, ரோட்ட மாத்துனா கனம் குறையாது. ஒரு 14 அடி ஈச்சர் லாரி பேசி அது மேல ஏத்தி இறக்கிருங்க.

வாழப்பாடி மெக்கானிக்: அண்ணன் சொல்றது சரி தான், ஆனா பிரேக் உள்ள டிரெய்லர் கெடச்சா பயப்பட வேண்டியதில்லங்க. கொக்கிகிட்ட தள்ளு விசை வந்தா தானா பிடிக்கிற டைப் இருக்கு, அது கெடைக்குதா பாருங்க. ரெண்டாவது கியர்ல இஞ்சின் பிரேக்குலயே இறங்கணும். முக்கியமா டிராக்டர் நிக்கிற இடம். மொத்த வெயிட்டுல 10ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல விழணும், அதாவது 200, 300 கிலோ. மாஸிக்கு கனம் பூரா பின் ஆக்சில்ல, அத டிரெய்லர் ஆக்சிலுக்கு பின்னாடி தள்ளி நிறுத்துனா கொக்கி மேல தூக்கும், வேகம் எடுத்தா டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்டியரிங் உங்க பேச்ச கேக்காது. சங்கிலி நாலு மூலைக்கும் தனித்தனியா, முன்னாடி ஆக்சில் பீம்ல போடுங்க, ஸ்டியரிங் ராடுல போட்டு வளைச்சுக்கிட்டு வர்றவங்கள நெறைய பாத்துட்டேன். பானட்டையும் கயித்துல கட்டிருங்க, பழைய கிளிப்பு காத்துக்கு நிக்காது.

காபித்தோட்டம்: ஈச்சரே பேசிக்கிறேன்ணா. ஆனா ஓடாத வண்டிய எப்படி மேல ஏத்துறது?

ஓமலூர் டிரைவர்: தோட்டத்துல மேடு இல்லாமயா இருக்கும், ஈச்சர மேட்டுக்கு ரிவர்ஸ்ல ஒட்டி நிறுத்தி பலகை போட்டு, கையால சங்கிலி இழுக்குற செயின் பிளாக்ல டிராக்டர இழுங்க. சக்கரத்துக்கு பின்னாடி கட்டை வெச்சுக்கிட்டே ஒருத்தர் வரணும், டிராக்டர் பிரேக்க நம்பாதீங்க. கோடை விழா சமயத்துல மட்டும் போகாதீங்க, ரோட்ட ஒருவழி ஆக்கிருவாங்க, டிராஃபிக்ல செத்தீங்க.

வாழப்பாடி மெக்கானிக்: பின் டயர்ல தண்ணி ரொப்பியிருக்கான்னு முதல்ல பாருங்க, சேத்துல ஓட்டுன வண்டின்னா இருக்கும், ரெண்டு டயருக்கும் சேத்தா கனம் நல்லாவே ஏறும்.

காபித்தோட்டம்: அத எப்படி பாக்குறதுங்க?

வாழப்பாடி மெக்கானிக்: வால்வு கீழ வர்ற மாதிரி உருட்டி அதுக்குள்ள இருக்குற பின்ன அமுக்குங்க, காத்துக்கு பதிலா தண்ணி பீச்சுனா இருக்கு. ஜாக்கி வெச்சு தூக்கிட்டு வால்வு உள்பின்ன கழட்டி வடிய விட்டுருங்க, ரொம்ப வருசம் நின்ன தண்ணி, நாறும், தள்ளி நின்னுக்கங்க.