"எனக்கு எப்பவுமே இப்படித்தான்": இந்த வரியை எங்கே கேட்டீர்கள்?

மாலைநிலா:
மூன்றாவது நேர்காணலும் கைவிட்டுப்போன ஒரு பையன் சொன்னது: "எனக்கு எப்பவுமே இப்படித்தான், எதுவும் அமையாது." தோல்விக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் உளவியலாளர் செலிக்மன் பிரித்துக் காட்டிய மூன்றும் அந்த ஒரே வரியில் இருக்கு. 'எனக்கு' என்றால் குறை என்னிடம்தான், 'எப்பவுமே' என்றால் மாறாது, 'எதுவும்' என்றால் எல்லாவற்றிலும். அந்த வரியைத் தாளில் எழுதி, கீழே நடந்ததை மட்டும் எழுதச் சொன்னதும் வந்தது இது: இரண்டு இடத்தில் எழுத்துத் தேர்வு தாண்டியாச்சு, மூன்றிலும் சம்பளக் கேள்வியில் தடுமாற்றம். 'எப்பவுமே'யை அடித்துவிட்டு 'சம்பளக் கேள்வியில்' என்று அவனே மாற்றினான். அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்குது.

கரைவழி:
வார்த்தையை மாற்றினால் போதும்னு யாரும் நினைச்சிடாதீங்க. அளவுக்கு மீறிய நம்பிக்கை என்ற மறுபக்கமும் இருக்கு. ஆய்வேட்டை "இருபது நாள்ல முடிச்சிடுவேன்" என்ற மாணவியிடம், போன அத்தியாயத்துக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டதும் பேச்சே இல்லை. 1994இல் வெளியான ஆய்வில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று ஆய்வேடு எழுதும் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள், ஆனது 55க்கு மேல். வரப்போகும் நாட்களை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம், பழைய கணக்கைப் புரட்டுவதில்லை.

தளிர்:
கரைவழி, அது நம்பிக்கையின் தப்பு இல்லை, பகற்கனவின் தப்பு. 1991இல் வெளியான ஆய்வில் எட்டிங்கன், வாடன் என்ற இரு உளவியலாளர்கள் எடை குறைக்க வந்த 25 பெண்களை ஓர் ஆண்டு கவனித்தார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 12 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். மெலிந்த உருவத்தை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ கம்மியாகத்தான் எடை இழந்தார்கள். கற்பனையிலேயே கிடைத்துவிட்டால் உடம்பு எதற்கு எழுந்திருக்கும்?

அதனால் கனவோடு தடையையும் சேர்த்துப் பார்க்கும் எட்டிங்கனின் நான்கு படிப் பயிற்சியைச் செய்து பார்க்கிறவர்களுக்கு: முதலில், நான்கு வாரத்தில் எட்டக்கூடிய ஆசை ஒன்றே ஒன்று. அதன் பலனை ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பார்க்கணும். அடுத்து, உங்களுக்குள்ளேயே இருக்கும் தடை. கடைசியாக, "இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. பலர் சறுக்குவது மூன்றாவதில்: 'நேரமில்லை', 'மேலதிகாரி சரியில்லை' என்று வெளியே இருப்பதை எழுதுவார்கள். தடையை முதலில், பலனைப் பிறகு என்று வரிசை மாற்றினாலும் வேலை செய்யாது. வாய்ப்பே குறைவான ஆசையாக இருந்தால் இந்தப் பயிற்சி முடிந்ததும் மனசு அதை விட்டுவிடும். தோல்வின்னு பயப்பட வேண்டாம், அதுவும் பயிற்சியின் பலன்தான்.

மாலைநிலா:
வரிசை பற்றிச் சொன்னது சரி, தளிர். ஆனால் 'எப்பவுமே' என்கிற ஆளிடம் தடை எதுன்னு கேட்டால் பத்து சொல்வார், எல்லாமே தன் குணம் என்பார். முதலில் அந்தத் தாள், அதற்கப்புறம்தான் உங்கள் நான்கு படியும்.